பிரசவ ஆஸ்பத்திரியின் மறுபிறவி

அந்த ஊரில் பிறந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டடத்துக்குள் பிறந்தவர்கள். மீதிப் பேர் உள்ளே போவதற்குள் அவசரப்பட்டு அதன் படிக்கட்டில் பிறந்தவர்கள். செங்கல் சுவர், கட்டிப்பிடித்தால் கை எட்டாத தூண்கள், நெற்றியில் ஆள் உயர எழுத்தில் ‘பிரசவ ஆஸ்பத்திரி’, அதற்குக் கீழே ‘இரவும் பகலும் திறந்திருக்கும்’. உண்மையாகவே இரவும் பகலும் திறந்திருந்தது. இத்தனை அழகான கட்டடம் போயும் போயும் பிள்ளை பெறுவதற்குப் பயன்பட்டு வீணாகிறதே என்று ஒரு நாள் அரசாங்கத்துக்கு வயிறெரிந்தது.

உடனே ஓர் ஆணையம் போட்டார்கள். பழங்கட்டட மறுபிறவி ஆணையம் என்று பெயர். ஊர் ஊராகப் போய்ப் பழைய கட்டடங்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்ட ஒருவர் அதற்குத் தலைவர். ஆணையம் பல மாதம் கூடிக் கூடிப் பேசி, கட்டடத்தைப் பிடித்திருக்கும் நோய் என்ன என்று கண்டுபிடித்தது. நோயாளிகள்தான் நோய். எந்நேரமும் யாராவது ஒருத்தி தூணைப் பிடித்துக்கொண்டு முனகுவதால் தூணின் அழகு யார் கண்ணிலும் படாமல் போகிறதாம். கட்டில், மருந்து, டாக்டர், நர்ஸ் என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிமெண்டுக் கிடங்குக்குப் பின்னால் கொண்டுபோய் இறக்கினார்கள். காலியான இடத்தில் வடிவமைப்புக் கண்காட்சிக்கூடம் வரும் என்றார்கள். நாற்காலி எப்படி இருக்கவேண்டும், விளக்கு எப்படி இருக்கவேண்டும் என்று உட்கார்ந்து யோசிக்கிறவர்களின் கைவண்ணத்தை மற்றவர்கள் நின்றுகொண்டே பார்க்கிற இடம்.

ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே ஒரு தார்ப்பாய்க் கடை. லாரிகளுக்குப் போர்த்தும் தார்ப்பாயைத் தைப்பதும் ஒட்டுப்போடுவதும் அங்கே தொழில். கடைக்காரரை ஊரில் எல்லாரும் தார்ப்பாய்க்காரர் என்றே சொல்வார்கள். கடைக்கு மேலேயே வீடு. ஒரே மகளைச் சந்தைப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணமாகிப் பல வருஷம் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஊர் வாயெல்லாம் அவளை மென்று துப்பிச் சலித்துப்போன பிறகு, இப்போதுதான் நிறைமாதம்; அலையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தாய்வீட்டுக்குக்கூட அழைத்துவரவில்லை. தார்ப்பாய்க்காரரும் அவர் மனைவியும் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டிருந்த காலம் அது.

ஆணையத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பழங்கட்டடத்துக்குள் என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கலாம். முகப்பில் மட்டும் கை வைக்கக்கூடாது. அதனால் முகப்பை அப்படியே காப்பாற்றினார்கள். செங்கல்லைக் கழுவினார்கள். ‘பிரசவ ஆஸ்பத்திரி’க்குப் பொன்னிற வண்ணம் அடித்து, எழுத்துக்குப் பின்னால் விளக்குப் போட்டார்கள். எத்தனையோ காலமாக எரியாமல் கிடந்த ‘அவசரம்’ என்ற சிவப்பு விளக்கையும் பழுது பார்த்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியாக இருந்த நாளில்கூட அந்தப் பலகை அவ்வளவு தூரத்துக்குத் தெரிந்ததில்லை.

பிறகு என்ன நடக்கும்? பெண்கள் வந்தார்கள். வலி எடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார்கள், வேனில் வந்தார்கள், புருஷன் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். வந்து பூட்டிய கதவைத் தட்டினார்கள். தார்ப்பாய்க்காரர் ஊசியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், இங்கே இல்லையம்மா, பாலத்துக்கு அந்தப் பக்கம் என்று திருப்பிவிடுவார். ஒருத்திக்குத் திரும்ப நேரமில்லை. அவர் கடையிலேயே, விரித்துப் போட்டிருந்த தார்ப்பாய் மேலேயே ஆகிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர் மனைவியின் துணிச்சலால். அன்றிலிருந்து அந்த அம்மாள் மாடிப்படியில் நின்று, டாக்டர் ஐயா, அடுத்த கேஸ் வந்திருக்கு என்று புருஷனைக் கேலி செய்வாள். கேலி செய்துகொண்டே வெந்நீரும் போடுவாள்.

இது சரிப்படாது என்று அவர் ஒரு வேலை செய்தார். தார்ப்பாயில் ஒரு துண்டை வெட்டி, வெள்ளை வண்ணத்தால் கோணல்மாணலாக எழுதினார்: ‘ஆஸ்பத்திரி இங்கே இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் போங்க. நிக்காதீங்க.’ அதை இரும்புக் கதவில் கட்டித் தொங்கவிட்டார். மறுநாள் காலையில் காணவில்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்று இன்னொன்று எழுதிக் கட்டினார். அதுவும் போயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, காற்று ஆணையத்திலிருந்து அடிக்கிறது என்று.

ஆணையத்தின் அலுவலகம் உள்ளேதான், மருந்து கொடுக்கிற அறையாக இருந்த இடத்தில். காட்சி இயக்குநர் என்று ஒரு அம்மாள் இருந்தார். எதை எங்கே தொங்கவிடுவது என்று முடிவுசெய்வது அவர் வேலை. தார்ப்பாய்க்காரர் திட்டு வாங்கத் தயாராகப் போனார். ஆனால் அவரைப் பார்த்ததும் அந்த அம்மாள் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய இரண்டு தார்ப்பாய்களும் மேசைமேல் பட்டுத்துணி மாதிரி விரிந்து கிடந்தன.

“ஐயா, இந்த எழுத்துல ஒரு பதற்றம் இருக்கு. படிச்ச வடிவமைப்பாளர் யாராலயும் இந்தப் பதற்றத்தைக் கொண்டுவர முடியாது” என்றார் இயக்குநர்.

“பதற்றத்துலதான்மா எழுதினேன். திரும்பக் கதவுலயே கட்டிட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

“கதவுல இருந்தா அது வெறும் தகவல்யா. உள்ள இருந்தாத்தான் அது படைப்பு.”

தார்ப்பாய்க்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். உள்ளே வந்து படிக்கிறவளுக்கு அது எதற்கு, வெளியே துடிக்கிறவளுக்கு அல்லவா வேண்டும் என்றார். இயக்குநர் அதையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். படைப்பாளியின் சொந்த வார்த்தை என்று கீழே எழுதி ஒட்டலாமாம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, கேட்டதையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் தொல்லை.

விடாமல் தலைவரையும் போய்ப் பார்த்தார். தலைவர் மரியாதைக்காரர். உட்காரச் சொன்னார். அறையில் இருந்த நாற்காலிகள் எல்லாம் பரிசு பெற்றவை என்பதால் உட்கார முடியவில்லை. தார்ப்பாய்க்காரர் நின்றபடியே கேட்டார்: பலகையை எடுக்கவேண்டாம், அந்த விளக்கை மட்டுமாவது அணைத்து வைக்கக்கூடாதா?

தலைவர் அரைமணி நேரம் பேசினார். ஆஸ்பத்திரி போன பிறகும் பெண்கள் வருகிறார்கள் என்றால் அது கட்டடத்தின் வெற்றி என்றார். எத்தனையோ கண்காட்சிக்கூடங்கள் ஆள் வராமல் ஈயோட்டுகின்றன. இங்கே திறப்பதற்கு முன்பே கூட்டம் என்று பூரித்தார். அந்தப் பலகை பொய் சொல்கிறதே என்று தார்ப்பாய்க்காரர் சொன்னபோது மட்டும் அவர் முகம் சிறுத்தது.

“அது பொய் இல்லீங்க, வரலாறு. முந்தி உண்மையா இருந்ததை நாம பொய்னு சொல்லக்கூடாது.”

ஆனாலும் தலைவர் ஒரேயடியாகக் கைவிடவில்லை. பொதுமக்களின் கவலையை ஆணையம் மதிக்கிறது என்பதைக் காட்ட, கதவடியில் இரண்டு ஆராய்ச்சியாளர்களை நிறுத்தினார். ஆட்டோ வந்து நின்றதும் அவர்கள் ஓடிப்போய், உள்ளே துடித்துக்கொண்டிருப்பவளிடம், முகப்பின் எந்த அம்சம் உங்களை இங்கே ஈர்த்தது என்று கேட்பார்கள். தூணா, நிறமா, எழுத்தா? ஒருத்தி ஆராய்ச்சியாளரின் கையைக் கடித்துவிட்டாள். அதற்குப் பிறகு கொஞ்சம் தள்ளி நின்று கேட்டார்கள்.

தார்ப்பாய்க்காரருக்கு அதற்குமேல் மற்றவர்களைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. சந்தைப்பேட்டையிலிருந்து வந்தால் மணிக்கூண்டுச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் பாலம்; நேரே வந்தால் இந்தப் பாழாய்ப்போன கட்டடம். தினமும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு அதையே சொன்னார். “மணிக்கூண்டுல திரும்பிடுங்க மாப்பிள்ளை. நேரா வந்துடாதீங்க.” மாப்பிள்ளை சாது. மரக்கடையில் கணக்கில்லாமல் பாரம் தூக்குகிற ஆள். சரிங்க மாமா, சரிங்க மாமா என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார்.

திறப்பு விழா வந்தது. ஊரெங்கும் துணிப்பதாகை கட்டினார்கள். மணிக்கூண்டில் எல்லாவற்றையும்விடப் பெரியதாக ஒன்று: அந்தக் கட்டடத்தின் படம், கீழே ‘மக்களுக்காக மீண்டும் திறக்கிறோம். வருக!’ விழாவில் தார்ப்பாய்க்காரருக்குப் பதக்கம் என்று தகவல் வந்தது. மக்கள் எழுத்து வடிவமைப்பாளர் என்று பட்டமாம். அவர் போகமாட்டேன் என்றார். போங்க, மேடையில ஏத்துவாங்க இல்ல, எல்லார் முன்னாலயும் கேட்டுட்டு வாங்க என்று மனைவிதான் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள்.

வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே போனவர் திகைத்துவிட்டார். வெள்ளைச் சீருடையும் தொப்பியுமாக நர்ஸுகள் நிற்கிறார்கள். ஒரு கணம், ஆஸ்பத்திரி திரும்பி வந்துவிட்டதோ என்று நெஞ்சு குளிர்ந்தது. ஒரு நர்ஸ் வந்து தட்டில் பழச்சாறு நீட்டினாள். நாடகக் குழுவிலிருந்து கூட்டி வந்தவர்களாம். கழுத்தில் குழாய் மாட்டிக்கொண்டு நின்ற டாக்டரும் அப்படித்தான். பிரசவ அறையில் பழைய கட்டில் ஒன்று, சுற்றிலும் கயிறு, தொடாதீர்கள் என்று அட்டை. வரிசையாகத் தொட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மேசைவிளக்கு படுத்திருந்தது. பெரிய கூடத்தின் சுவரில் அவருடைய தார்ப்பாய், தங்கச் சட்டத்துக்குள். ஆஸ்பத்திரி இங்கே இல்லை என்பதை விருந்தினர்கள் தலையைச் சாய்த்து, அருகே போய், பின்னால் நகர்ந்து, பல கோணங்களில் ரசித்தார்கள். அவர்களில் யாருக்கும் வலி இல்லை.

எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒலிச்சித்திரம். ‘வலி’ என்று பெயர். சுவருக்குள் ஒலிபெருக்கிகளைப் புதைத்து, நடிகைகளை வைத்துப் பிரசவ வேதனைக் குரல்களைப் பதிவுசெய்து, கட்டடம் முழுக்க ஓடவிட்டிருந்தார்கள். அம்மா, அம்மா என்று கூரையிலிருந்தும் தரையிலிருந்தும் அலறல். விருந்தினர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். ஒருவர் மட்டும், இரண்டாவது குரலில் கொஞ்சம் செயற்கை தெரிகிறது என்று குறைபட்டார்.

பதக்கத்தை மாட்டினார்கள். பேசவேண்டும் என்று தார்ப்பாய்க்காரர் ஒலிவாங்கியை நோக்கி ஒரு அடி வைத்தார். படைப்பாளிகள் பேசக்கூடாது, படைப்புதான் பேசவேண்டும் என்று இயக்குநர் அவரைப் பக்குவமாகக் கைப்பிடித்து முன்வரிசையில் கொண்டுவந்து உட்காரவைத்தார். தலைவர் பேச எழுந்தார்.

“இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் குழந்தைகள் பிறந்தாங்க. இன்னிக்குத்தான் கருத்துகள் பிறக்குது” என்று தொடங்கினார். கைதட்டல். “குழந்தை யாருக்கு வேணாலும் பிறக்கும். கருத்து அப்படி இல்லை.” அதற்கும் கைதட்டல்.

நேரம் போகப்போக அலறல் அதிகமாயிற்று. யார் பெற்ற பெண்ணோ, நிஜம் போலவே கத்துகிறாள் என்று தார்ப்பாய்க்காரர்கூட நினைத்தார். அப்படி நினைத்ததற்காகப் பின்னால் அவர் சுவரில் தலையை மோதிக்கொள்ளாத நாள் கிடையாது. தன் பேச்சு கேட்கவில்லை என்று தலைவருக்கு எரிச்சல். அந்த ஒலியைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று மூலையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். அலறல் நிற்கவில்லை. குரலை உயர்த்திப் பேசிப் பார்த்தார். அது இவர் குரலுக்கு மேலே போயிற்று.

“நிறுத்துங்கன்னு சொன்னேன்ல?”

மூலையில் இருந்த ஒலிப்பெட்டிக்காரர் எழுந்து நின்றார். கையில் பிடுங்கிய ஒயர். முகம் வெளுத்திருந்தது.

“நிறுத்திட்டேன் சார். நீங்க சொன்ன உடனேயே நிறுத்திட்டேன்.”

கூடம் அடங்கிப்போயிற்று. பிரசவ அறையிலிருந்து மறுபடியும் ஒரு குரல் வந்தது. இந்தத் தடவை அது அப்பா என்று கூப்பிட்டது.

நடந்தது இவ்வளவுதான். வலி முன்கூட்டியே வந்துவிட்டது. மாப்பிள்ளை ஆட்டோவில் மணிக்கூண்டுவரை சரியாகத்தான் வந்தார். அங்கே, மக்களுக்காக மீண்டும் திறக்கிறோம் என்று எழுதியிருந்தது. மாமனாருக்குப் போன் போட்டார், அது வாசல் பெட்டியில் கிடந்து அடித்தது. நேரே வந்தார். விழாக் கூட்டத்தில், எதிர்க்கடை மாடியிலிருந்த மாமியார் கண்ணிலும் ஆட்டோ படவில்லை. பலகை பளபளத்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, வாசலில் நர்ஸ் நின்றாள். அந்தப் பெண் இவர்களும் தன்னைப் போல நாடகக் கோஷ்டிதான் என்று நினைத்து, நல்ல மாதிரியாகவே உள்ளே கூட்டிப்போய், தலைவர் பேசி முடித்ததும் எல்லாரும் வருவார்கள், அதுவரை பொறுத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் பழச்சாறு கொடுக்கப் போய்விட்டாள். மாப்பிள்ளை பொறுத்திருந்தார். பெரிய டாக்டர் வருவார் என்று பொறுத்திருந்தார்.

தார்ப்பாய்க்காரர் ஓடிப்போய்ப் பார்த்தபோது மகள் தரையில் கிடந்தாள். பக்கத்தில் கட்டில் இருந்தது. கயிறு அவிழாமல் இருந்தது.

“தொடாதீங்கன்னு போட்டிருந்துச்சு மாமா” என்றார் மாப்பிள்ளை.

அவளை அள்ளி ஆட்டோவில் போட்டார்கள். விருந்தினர்களின் கார்கள் தெருவை அடைத்து நின்றன. ஒவ்வொரு காரின் ஓட்டுநரையும் தேடிப்பிடித்து நகர்த்தி, பாலத்து நெரிசலில் நின்று, சிமெண்டுக் கிடங்கைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தார்கள். மகள் பிழைத்தாள். ஆண் குழந்தை. அழுகிற அளவுக்கு அதனிடம் உயிர் இருந்தது, மேற்கொண்டு இருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னாடி கூட்டிவந்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் தொடங்கிவிட்டு, தார்ப்பாய்க்காரரின் கழுத்தில் தொங்கிய பதக்கத்தைப் பார்த்து, மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

ஆணையம் இரங்கல் தெரிவித்தது. கூடிப் பேசி, இனி ஒலிச்சித்திரத்தைக் கொஞ்சம் மெதுவாக வைப்பது என்று தீர்மானமும் போட்டது. விழாவுக்கு வந்தவர்களிடம் கருத்துக் கேட்டபோது, ஒலியை நிறுத்திய பிறகும் தொடர்ந்த அந்தக் குரல்தான் அன்றைய மாலையின் உச்சம் என்று பலரும் சொன்னார்களாம். அதை இயக்குநரே கண்கலங்கி எல்லாரிடமும் சொன்னார். நாசமாய்ப் போகிறவர்கள் என்று இந்த இடத்தில் சொன்னால் என் கோபம் தீராது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

காரியங்கள் முடிந்து மகளை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, தார்ப்பாய்க்காரர் மறுபடி தலைவரிடம் போனார். அந்த விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள் என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

“உங்க துக்கம் எனக்குப் புரியுதுங்க. ஆனா ஒரு வீட்டுத் துக்கத்துக்காக ஊரோட வரலாற்றை அணைக்கச் சொல்றது நியாயமா? நீங்களே ஒரு படைப்பாளி, யோசிச்சுப் பாருங்க” என்றார் தலைவர்.

அவர் யோசித்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, தார் டின்னை அடுப்பில் ஏற்றி உருக்கினார். பட்டப்பகலில், ஊர் பார்க்க, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். கீழே மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் கேலி எதுவும் பேசவில்லை. ‘பிரசவ’த்தில் தொடங்கி ‘திறந்திருக்கும்’ வரை, ஒரு புள்ளி விடாமல் கறுப்பாக இழுத்துப் பூசினார். சிவப்பு விளக்கை ஒரே அடி. கண்காட்சிக்கு வந்தவர்கள் இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

தலைவர் ஓடிவந்தார். ஆணையத்தைச் சேர்ந்த ஒருவர் ஓடி அந்தத் தெரு பார்த்தது அதுவே முதல் தடவை. பின்னாலேயே இயக்குநரும் போலீஸ்காரரும். தலைவர் பலகையை அண்ணாந்து பார்த்தார். அவருக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க. அந்த எழுத்துக்கு என்ன வயசு தெரியுமா உங்களுக்கு?”

தார்ப்பாய்க்காரர் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினார். கையெல்லாம் தார்.

“அதோட வயசு உங்களுக்குத் தெரியும் சார். என் பேரனுக்கு என்ன வயசுன்னு சொல்லுங்க. அதை எப்படிக் கணக்கு வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல.”

இந்தத் தாரைச் சுரண்டி எடுக்க எத்தனை நாளாகும் என்று தலைவர் இயக்குநரிடம் திரும்பிக் கேட்டார். போலீஸ்காரர் தார்ப்பாய்க்காரரின் கையைப் பிடித்து, தார் ஒட்டிக்கொண்டதால் விடவும் முடியாமல் நின்றார்.

அந்த நேரத்தில் ஒரு ஆட்டோ வேகமாக வந்து வாசலில் தயங்கியது. உள்ளே ஒரு பெண் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவன் தலையை நீட்டி மேலே பார்த்தான். படிக்க ஒன்றும் இல்லை. பாலத்துக்கு விடு என்று ஓட்டுநரிடம் சொன்னான். ஆட்டோ திரும்பிப் பறந்தது.

தலைவர் அதைப் பார்க்கவில்லை. அவர் இன்னும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.